அகலத்தை அளக்காமல் போன இரண்டு மாதம்

திரவப் படிக ஜெல்லில் (மூலக்கூறுகள் ஒரே திசையில் வரிசைகட்டக்கூடிய, கரைப்பானில் ஊறும் ரப்பர் போன்ற பொருள்) கைவைக்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீளத்தை மட்டும் அளந்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். எனக்கு அதில் இரண்டு மாதம் போயிற்று.

ஜெல் தயாரித்ததில் பெரிய கதை இல்லை. பாதி இறுகிய படலத்தில் சின்ன எடையைத் தொங்கவிட்டு, மூலக்கூறுகள் இழுத்த திசையிலேயே வரிசைகட்டி நிற்க, இழுபட்ட நிலையிலேயே முழுதாக இறுகவிட்டேன். 1991-இல் ஜெர்மன் வேதியியலாளர் ஃபின்கெல்மனின் குழு காட்டிய அதே இரண்டு கட்ட முறைதான். அதை ஊறவைக்கும் கரைப்பான் வரத்தான் மூன்று வாரம். ஒவ்வொரு முறையும் ஒரு கையெழுத்து குறைகிறது என்று ஸ்டோர்ஸில் இன்டென்ட்டை (பொருள் கேட்கும் படிவம்) திருப்பி அனுப்பினார்கள்.

ஊறிய துண்டை நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் சூடேற்றினேன். அழகாகச் சுருங்கியது. குளிரவைத்தால் திரும்ப நீளவே இல்லை! மூடி சரியாகப் பொருந்தாமல் கரைப்பான் பாதி ஆவியாகிப் போயிருந்தது. சரி, அடைத்துவிட்டு மறுபடி ஓட்டினால், நீளத்தின் வரைபடத்தில் வெப்பநிலை ஏறும்போது ஒரு கோடு, இறங்கும்போது வேறு கோடு. ஜெல்லைக் குறைசொல்ல முடியாது, அவசரம் என்னுடையது. கரைப்பான் உள்ளே போய்வர நேரம் வேண்டும். தடிமன் இரண்டு மடங்கானால் காத்திருப்பு நான்கு மடங்காகும். அப்புறம் மெல்லிய படலமாக எடுத்து, ஒவ்வொரு வெப்பநிலையிலும் அளவு நிலைக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

கோடுகள் பொருந்தின. 10 மில்லிமீட்டர் 7 ஆனது. "சூடேறினா கரைப்பானைத் துப்பிட்டுச் சுருங்குது சார்" என்றேன் கைடிடம், கொஞ்சம் பெருமையாகவே.

"அகலம் பாத்தியாப்பா?"

பார்க்கவில்லை. நல்லவேளை, படங்கள் இருந்தன. அகலம் 4-லிருந்து 5.2 மில்லிமீட்டர். தடிமனும் அதே விகிதத்தில் கூடியது என்று கொண்டால், கனஅளவு சுமார் 18 சதவீதம் ஏறியிருக்கிறது. துப்பவில்லை, குடித்திருக்கிறது! குளிர்ந்த நிலையில் மூலக்கூறுகள் ஒரே திசையில் வரிசைகட்டும்போது ஜெல் அந்தத் திசையில் நீண்டு, கரைப்பானை வெளியே தள்ளுகிறது. சூட்டில் வரிசை கலைந்ததும் நீளம் குறைந்து, பக்கவாட்டில் உப்பி, கரைப்பானை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

இன்னொன்று. வெட்டும் முன் படலத்தின் ஓரத்தில் அது இழுபட்ட திசையைக் குறித்துவிடுங்கள். நான் குறிக்காமல் குறுக்கே வெட்டிய துண்டு ஒன்று சூட்டில் சுருங்குவதற்குப் பதில் நீண்டது. ஒரு நாள் முழுக்க மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். குறுக்குப் போலரைசர்களுக்கு (ஒளியை ஒரே திசை அதிர்வாக வடிகட்டும், ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்த இரண்டு தகடுகள்) நடுவே வைத்துப் பார்ப்பதும் இதற்கு உதவாது, நெடுக்கிலும் குறுக்கிலும் ஒரே இருட்டுதான். கெட்ட துண்டு என்று டப்பாவில் போட்டிருந்தேன். கைடு கேட்ட அன்று மாலை தேடி எடுத்து அதன் கணக்கைப் பார்த்தேன்: 10 மில்லிமீட்டர், 13 ஆகியிருந்தது. அகலத்தில் வந்த அதே 1.3 மடங்கு.