அம்மா நின்ற அடிவாரத்திலிருந்து கோயாசானுக்கு

ஒசாகாவின் நம்பா நிலையத்தில் நன்காய் ரயில் ஏறி கோகுராகுபாஷி போய்ச் சேர்ந்தால், அங்கிருந்து கேபிள் காரில் ஐந்தே நிமிடத்தில் கோயாசான் மலைமேல் இறங்கிவிடலாம். பெரும்பாலோர் அப்படித்தான் போகிறார்கள். நான் நடந்து ஏறினேன். கால் ஒத்துழைக்கிற பெண்கள் யார் கேட்டாலும் அதையே சொல்வேன். காரணம், அடிவாரத்தில் இருக்கிற ஜிசோன்-இன் என்ற சின்னக் கோயில்.

கூக்காய் என்ற துறவி, ஜப்பானியர் வாயில் கோபோ தாய்ஷி, 816இல் சாகா பேரரசரிடம் இந்த மலையைப் பெற்று ஷிங்கோன் பௌத்த மடத்தை நிறுவினார். பெண்கள் மேலே வரக் கூடாது என்பது மலையின் விதி. மகனைப் பார்க்க ஷிகோக்கு தீவிலிருந்து வந்த அவருடைய தாயாருக்கும் அதே விதிதான். அவர் ஜிசோன்-இன்னிலேயே தங்கிவிட, மகன் மாதத்துக்கு ஒன்பது முறை மலையிறங்கி வந்து பார்த்துவிட்டுப் போவார் என்கிறது ஊர்க்கதை. தடை சட்டப்படி நீங்கியது 1872இல். ஆயிரம் வருடத்துக்கும் மேல்! அந்த அம்மா நிற்க வேண்டியிருந்த இடத்திலிருந்து கிளம்பி, மகனுடைய சமாதி வரை ஒரு முறையாவது நடக்க வேண்டும் என்று எனக்குப் பல வருட ஆசை.

பாதையின் பெயர் சோயிஷி-மிச்சி. குதோயாமா நிலையத்தில் இறங்கி அரை மணி நேரம் நடந்தால் ஜிசோன்-இன். நவம்பர் தொடக்கத்தில் போனேன். ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதால் காலை ஏழு மணிக்கே நடக்கத் தொடங்கினேன். தாயாரை மைத்ரேய புத்தராகவே வணங்குகிறார்கள். சன்னதி அருகே மரப்பலகைகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் பஞ்சு அடைத்து, துணி சுற்றிச் செய்த இரண்டு மார்பகங்கள். சுகப்பிரசவம், தாய்ப்பால், மார்பகப் புற்றுநோயிலிருந்து குணம் என்று பெண்கள் வேண்டிக்கொண்டு கட்டியவை. சிலவற்றில் துணி வெளுத்துப்போய் நூல் பிரிந்திருந்தது. பக்கத்திலேயே, புதிதாகத் தைத்தது ஒன்று. அங்கிருந்து உடனே நகர எனக்கு மனம் வரவில்லை.

கோயிலை ஒட்டிய படிக்கட்டில் முதல் கல் நிற்கிறது. எண் 180. இங்கிருந்து மேலே கொன்போன் தாய்தோ கோபுரம் வரை ஏறத்தாழ 109 மீட்டருக்கு ஒரு கல், எண் குறைந்துகொண்டே போகும். மொத்தம் சுமார் 20 கிலோமீட்டர். முதலில் மரக்கம்பங்களாக இருந்தவற்றை 13ஆம் நூற்றாண்டில் கல்லாக மாற்றினார்கள். அந்தப் பழைய கற்களில் பெரும்பாலானவை இன்னும் நிற்கின்றன. ஆளைவிட உயரமான கருங்கல். கீழே நீண்ட சதுரம், அதன்மேல் உருண்டை, கூரை, பிறை, உச்சியில் ஒரு மொட்டு: நிலம், நீர், நெருப்பு, காற்று, ஆகாயம். சதுரத்தில் எண்ணும் கொடுத்தவர் பெயரும். எண்ணுக்கு மேலே ஒரே ஒரு சித்தம் எழுத்து, ஒரு தெய்வத்தின் பீஜாட்சரம். பிராமியின் வழிவந்த இந்திய எழுத்து அது. ஷிங்கோன் குரு பரம்பரையில் வருகிற வஜ்ரபோதி தென்னிந்தியர், 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடல் வழியாகச் சீனா போனவர். அவருடைய சீடர் அமோகவஜ்ரர், அவருடைய சீடர் ஹுய்குவோ, அந்த ஹுய்குவோவிடம் 805இல் தீட்சை பெற்றவர் கூக்காய். ஜப்பானியக் காட்டுக்குள் பாசி படிந்த கல்லில் அந்த எழுத்தைப் பார்த்தபோது கையெடுத்துக் கும்பிட்டேன்.

தொடக்கம்தான் கடினம். பழுத்த சீமைப் பனிச்சை தொங்குகிற தோட்டங்களுக்கு நடுவே மூச்சு வாங்க வைக்கிற ஏற்றம். அப்புறம் பாதை மலைமுகட்டோடு போகிறது, நடை இலகுவாகிவிடும். 120ஆம் கல் பக்கம் இரண்டு தோரிகள், அதாவது ஷிந்தோ கோயில் வாயில்கள், ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். கீழே அமானோவில் குடிகொண்டிருக்கும் நியுத்சுஹிமே அம்மனை இங்கிருந்தே கும்பிட்டுவிட்டுப் போகலாம். மலை முதலில் அவளுடையதாம், அவளே கூக்காய்க்குக் கொடுத்தாளாம். வழியில் கடைகளை நம்ப வேண்டாம். 60ஆம் கல் அருகே யாதாதே என்ற இடத்தில் ஒரு தேநீர்க்கடை உண்டு, அது சில நாள் மூடியிருக்கும். தண்ணீரும் மதிய உணவும் கையில் இருக்கட்டும். சைவர்கள் ஒனிகிரி என்ற சோற்று உருண்டை வாங்கினால் லேபிளைப் படித்துப் பார்த்து வாங்குங்கள், பலவற்றில் மீன்தூள் இருக்கும்.

யாதாதேக்குப் பிறகு மறுபடி ஏற்றம். முழங்காலுக்குக் கைத்தடி இருந்தால் நல்லது. கடைசிச் செங்குத்து முடிகிற இடத்தில், திடீரென்று தலைக்கு மேலே சிவப்பாக எழும்புகிறது கோயாசானின் பெருவாயிலான தாய்மோன். 25 மீட்டர் உயரம், இப்போதைய கட்டடம் 1705இல் முடிந்தது. அதைப் பார்த்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை. எல்லை வரை வந்த பெண்கள் முன்பு மலைமுகடுகளைச் சுற்றி நடந்து, மேலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ஏழு நுழைவாயில்களிலும் அவர்களுக்குத் தங்குமண்டபம் இருந்தது. இன்று மிஞ்சியிருப்பது ஒன்றுதான்.

இரவு தங்க ஷுகுபோ, அதாவது மடத்திலேயே அறை. ஐம்பதுக்கும் மேற்பட்ட மடங்கள் இதற்கு இடம் தருகின்றன. முன்பே பதிவு செய்துகொண்டு, ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும், இரவு உணவு சீக்கிரமே பரிமாறிவிடுவார்கள். மலை சுமார் 800 மீட்டர் உயரம், அறை குளிரும், கம்பளி அவசியம். சாப்பாடு சுத்த சைவம், வெங்காயம் பூண்டுகூட இல்லை. எள்ளையும் கிழங்கு மாவையும் சேர்த்துக் கிளறிய கோமா-தோஃபு வாயில் வைத்ததும் கரைந்தது. ஜப்பானில் பயமில்லாமல் சாப்பிட்ட சாப்பாடு எனக்கு இதுதான்.

காலை ஆறு மணிக்கும் பத்தரைக்கும், கூக்காயின் சமாதி இருக்கிற ஒக்குனோயினில் அவருக்கு உணவு போகிறது. 835இல் அவர் சமாதி நிலையில் அமர்ந்தார், இன்னும் தியானத்தில் இருக்கிறார் என்பது நம்பிக்கை. அதனால் தினமும் இரண்டு வேளை படையல். காலை பூஜை முடித்து, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளுக்கு நடுவே தேவதாருக்களின் கீழ் நடந்து, பத்தரை மணிப் படையலுக்குப் போனேன். கோபுரத்திலிருந்து சமாதி வரை இன்னும் 36 கற்கள். துறவிகள் இருவர் வெள்ளை மரப்பெட்டியைத் தோளில் சுமந்து வந்து, ஒரு சிறிய சன்னதி முன் நின்று, ருசி பார்க்கும் ஜிஸோ என்ற போதிசத்துவருக்குக் காட்டிவிட்டு, சமாதிக்கு முன்னால் இருக்கிற பாலத்தைத் தாண்டிப் போனார்கள். பாலத்துக்கு அப்பால் படம் எடுக்கக் கூடாது, தொப்பியையும் கழற்றிவிட வேண்டும்.

நடக்க முடியாத பெரியவர்களோடு வருகிறவர்கள் கேபிள் கார் நிலையத்திலிருந்து பேருந்து பிடித்து ஒக்குனோயின்-மாயே நிறுத்தத்தில் இறங்குங்கள். கல்லறைக் காட்டின் முகப்பிலுள்ள இச்சினோஹாஷி பாலத்திலிருந்து வருகிற 2 கிலோமீட்டர் பாதையோடு பார்த்தால் நடை ஏறக்குறைய பாதியாகக் குறையும். புதிய கல்லறைகள் வழியாகப் போகிற அந்தத் தடம் அகலமாகவும் இருக்கிறது.