இன்டர்வியூவுக்கு ஒரு வம்புக்கார அகராதி

திரைப்படக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிற தம்பி தங்கைகள் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது "என்ன புக் படிக்கலாம்ணா?" என்றுதான். பொது அறிவுக்கு, சினிமா வரலாற்றுக்கு, தொழில்நுட்பச் சொற்களுக்கு என்று வழக்கமான ஒரு பட்டியல் எல்லோர் கையிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் பெரும்பாலும் இல்லாத ஒரு புத்தகத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். சினிமா விமர்சகர் டேவிட் தாம்சனின் 'எ பயோகிராஃபிகல் டிக்‌ஷனரி ஆஃப் ஃபிலிம்'.

எழுத்துத் தேர்வுக்கு இதனால் பெரிய லாபம் இல்லை. புனே திரைப்படக் கல்லூரி தொடங்கியது 1960-ல், தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964-ல் என்கிற மாதிரிக் கேள்விகளுக்கு இதைப் புரட்டினால் நேரம்தான் வீணாகும். இது கைகொடுப்பது இன்டர்வியூவில். அங்கே போனவர்களுக்குத் தெரியும், அவர்கள் தகவல் கேட்பது குறைவு. "யாரைப் பிடிக்கும்?" என்பார்கள். சொன்னதும் "ஏன்?" என்பார்கள். அதற்கும் ஒரு பதில் சொன்னால், "அது எல்லோருக்கும் பொருந்துமே, இவருக்கு மட்டும் என்ன?" என்பார்கள். பெரும்பாலானவர்கள் கவிழ்வது இந்த மூன்றாவது கேள்வியில்தான். "ரொம்ப இயல்பா நடிப்பார் சார்", "விஷுவல்ஸ் அருமையா இருக்கும் மேடம்" எல்லாம் அங்கே எடுபடாது.

அந்த மூன்றாவது கேள்விக்குப் பயிற்சி தருகிற புத்தகம் இது.

பெயர்தான் அகராதி. பார்வைக்கும் அகராதி மாதிரியே இருக்கும். அகர வரிசையில் நடிகர்கள், இயக்குநர்கள், தயாரிப்பாளர்கள். பெயருக்குக் கீழே பிறந்த ஊர், வருடம். உள்ளே போனால் ஒரு மனிதர் உட்கார்ந்து, தனக்குப் பிடித்தவரைக் கொண்டாடிக்கொண்டும் பிடிக்காதவரைப் போட்டுத் தாக்கிக்கொண்டும் இருப்பார். தாம்சன் 1941-ல் லண்டனில் பிறந்தவர். பிறகு அமெரிக்காவுக்குப் போய் டார்ட்மத் கல்லூரியில் பாடம் நடத்தி, சான் ஃபிரான்சிஸ்கோவில் குடியேறியவர். முதல் பதிப்பு 1975-ல் வந்தது. அதன்பின் 1980, 1994, 2002, 2010, 2014 என்று பெருத்துக்கொண்டே போய், கடைசிப் பதிப்புகள் ஆயிரம் பக்கத்தைத் தாண்டிவிட்டன. 2010-ல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் விமர்சகர்களிடம் சிறந்த சினிமா புத்தகம் எது என்று கேட்டபோது முதலிடத்துக்கு வந்தது இதுதான். யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதுகூட அவர் இஷ்டம். சினிமாக்காரர்களுக்கு நடுவே டிவி நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஜானி கார்சனுக்கும் ஓர் இடம் போட்டிருப்பார்.

இதைப் படிக்கிற விதத்துக்கு வருகிறேன். ஏ-யில் ஆரம்பித்து இசட் வரை போகலாம் என்று நினைக்காதீர்கள். யாராலும் முடியாது, முடிந்தாலும் மண்டையில் நிற்காது. ஒருவரை எடுத்துக்கொண்டு, அவருடைய இரண்டு மூன்று படங்களைப் பார்த்துவிட்டு, உங்களுக்குத் தோன்றியதை நாலு வரி எழுதி வைத்துவிட்டு, அதற்கப்புறம் தாம்சனைத் திறங்கள். இந்த வரிசை முக்கியம். முதலில் அவரைப் படித்துவிட்டால் அதன்பின் படத்தை அவர் கண்ணால்தான் பார்ப்பீர்கள். அவ்வளவு வசியமான எழுத்து.

கேரி கிராண்டை எடுத்துக்கொள்வோம். சினிமா வரலாற்றிலேயே மிகச் சிறந்த, மிக முக்கியமான நடிகர் இவர்தான் என்று தாம்சன் அடித்துச் சொல்கிறார். முதல் முறை படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. போட்டிப் பிரிவில் ஓர் ஆஸ்கர்கூட வாங்காதவர், 1970-ல் கௌரவ விருதோடு அனுப்பிவைக்கப்பட்டவர், கோட்டு சூட்டு ஹீரோ. அவரா? ஆனால் தாம்சன் வெறுமனே தீர்ப்பு எழுதிவிட்டுப் போகவில்லை, காரணம் சொல்கிறார். கிராண்டிடம் ஒளியும் உண்டு, இருட்டும் உண்டு; ஒன்று மேலோங்கி நிற்கும்போதே மற்றது எட்டிப் பார்க்கும் என்கிறார்.

சரிதானா என்று பார்க்க மறுபடி படங்களைப் போட்டேன். 'நொட்டோரியஸ்' (1946) படத்தில் கிராண்ட் அறிமுகமாவது ஒரு விருந்துக் காட்சியில். முகத்தைக் காட்டாமல், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார். இங்க்ரிட் பெர்க்மன் வளைய வந்து பேசிக்கொண்டிருக்க, முன்னால் கறுப்பாக ஒரு தலை மட்டும். இவன் அவளைக் காப்பாற்ற வந்தவனா, கெடுக்க வந்தவனா என்று சொல்ல முடியாது. 'சஸ்பிஷன்' (1941) படத்தில் மனைவிக்காக ஒரு கிளாஸ் பாலை எடுத்துக்கொண்டு இருட்டான படியில் ஏறி வருவார். பால் மட்டும் பளீரென்று தெரிவதற்காக இயக்குநர் ஹிட்ச்காக் கிளாஸுக்குள் ஒரு விளக்கை வைத்தார். பாசத்தோடு பால் கொண்டுவரும் கணவனா, விஷம் கலந்தவனா? வேறொரு நடிகர் என்றால் நாம் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்திருப்போம். கிராண்ட் சாய விடமாட்டார். இனி 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' (1940) பாருங்கள். நகைச்சுவைப் படம்தான், ஆனால் அந்தப் பத்திரிகை ஆசிரியர் முன்னாள் மனைவியின் கல்யாணத்தைக் கெடுக்கச் செய்கிற வேலைகளை நிதானமாக யோசித்தால் அத்தனையும் அயோக்கியத்தனம். சிரித்துக்கொண்டே பார்க்கிறோம்.

தாம்சனிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த முறையைத்தான்: ஒரு மனிதரின் பல படங்களுக்குள் ஓடுகிற ஒரே இழையைப் பிடிப்பது. படத்துக்குப் படம் விமர்சனம் எழுதப் பலருக்கும் தெரியும். ஒரு நடிகரின் முப்பது வருட வேலையை ஒரே வாக்கியத்தில் சொல்லி, அதற்கு மூன்று காட்சிகளைச் சாட்சிக்கு நிறுத்த வெகு சிலரால்தான் முடியும். இன்டர்வியூவில் 'ஏன்' என்று கேட்பவர்கள் எதிர்பார்ப்பது அதைத்தான்.

அவர் திட்டுகிற பகுதிகளை இன்னும் கவனமாகப் படியுங்கள். ஜான் ஃபோர்டு சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கரை நான்கு முறை வாங்கியவர், அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. தாம்சனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சீருடை மோகம், ஆண்களின் குடித் தோழமையை உருகி உருகிக் காட்டுவது, வரலாற்றை மறைத்துவிட்டுக் கட்டுக்கதையை அழகுபடுத்தித் தருவது என்று வரிசையாக வைத்து விளாசுகிறார். இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கையும் அவருக்குப் பிடிக்காது, குளிர்ச்சியான ஆள் என்பது அவர் கட்சி. ஆனால் 'தி ஷைனிங்' (1980) மட்டும் உண்மையிலேயே பெரிய படம் என்று ஒதுக்கி வைக்கிறார். வெறுப்பவரிடமும் ஒரு விதிவிலக்கைக் கண்டுபிடிப்பதுதான் அவர் வாதத்துக்கு பலம் சேர்க்கிறது. முழுக்க வெறுக்கிறவனை யாரும் நம்பமாட்டார்கள், வெறும் வன்மம் என்று தள்ளிவிடுவார்கள்.

ஃபோர்டு விஷயத்தில் எனக்கு அவரோடு உடன்பாடு இல்லை. 'தி சர்ச்சர்ஸ்' (1956) கடைசிக் காட்சியில் எல்லோரும் வீட்டுக்குள் போக, ஜான் வெய்ன் மட்டும் வாசலிலேயே நின்று, வலது முழங்கையை இடது கையால் பிடித்துவிட்டுத் திரும்பி நடக்கிறாரே, அந்த ஆளுக்கு அந்த வீட்டில் இடமில்லை என்பதைக் கட்டுக்கதையை மட்டும் நம்புகிற இயக்குநரால் எடுக்க முடியாது என்பது என் வாதம். இதைப் புத்தகத்தின் ஓரத்திலேயே பென்சிலில் எழுதி வைத்தேன். நூலகப் புத்தகம் என்றால் தயவுசெய்து தனி நோட்டில் எழுதுங்கள். இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு மறுப்பு எழுதிக்கொண்டே போனால், கொஞ்ச நாளில் உங்களுக்கென்று ஒரு கட்சி உருவாகிவிடும். தாம்சனோடு எல்லா இடத்திலும் ஒத்துப்போகிறவர்களுக்கு இந்தப் புத்தகத்தால் ஒரு பயனும் இல்லை.

தகவலுக்கு மட்டும் இவரை நம்பி இருக்காதீர்கள். முதல் பதிப்பு வந்தபோது வீட்டில் கேசட் போட்டுப் படம் பார்க்கும் வசதி பரவியிருக்கவில்லை. தியேட்டரில் பார்த்ததை நினைவில் வைத்து எழுதுகிற காலம். வருடம், படத்தின் பெயர், யார் எதில் நடித்தார் என்பதையெல்லாம் இன்னொரு இடத்தில் சரிபார்த்துக்கொள்வதே பாதுகாப்பு. ஹாலிவுட்டுக்கு எஃப்ரைம் காட்ஸின் கலைக்களஞ்சியம் (1979-ல் தொடங்கியது) பக்கத்தில் இருந்தால் போதும். இந்திய சினிமாவுக்கு ஆஷிஷ் ராஜாத்யக்‌ஷாவும் பால் வில்லெமனும் தொகுத்த கலைக்களஞ்சியம் (1994, திருத்திய பதிப்பு 1999) அவசியம் வேண்டும், ஏனென்றால் தாம்சனிடம் இந்தியப் பெயர்கள் சத்யஜித் ராய் போல விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். தமிழுக்கு ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தொகுத்த வரலாறு இருக்கிறது. அது தாம்சனுக்கு நேர் எதிர்: கருத்தே சொல்லாது, தகவலை மட்டும் கொட்டும். இரண்டையும் மேஜையில் ஒன்றாக வைத்துப் படித்தால் நல்ல சமநிலை கிடைக்கும்.

அடுத்தது எழுத்துப் பயிற்சி. நான் அதிகம் பயன் பெற்றது இதில்தான். தாம்சன் தொடாத ஒருவரை எடுத்துக்கொண்டு, அவர் பாணியில் அல்ல, அவர் முறையில் ஒரு பக்கம் எழுதிப் பார்க்க வேண்டும். நான் எடுத்துக்கொண்டது டி.எஸ். பாலையா. 1936-ல் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் இயக்கிய 'சதி லீலாவதி'யில் அறிமுகமானவர். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம்.

முதல் வரைவு சகிக்கவில்லை. "குணச்சித்திரம், வில்லன், நகைச்சுவை என அனைத்திலும் முத்திரை பதித்தவர்" என்றெல்லாம் அஞ்சலிக் கட்டுரை மாதிரி வந்தது. இந்த வரியை நூறு பேருக்கு எழுதலாம். கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி படங்களைப் பார்த்தேன். 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் கதை சொல்கிற காட்சியை எல்லோரும் நாகேஷ் காட்சி என்றுதான் சொல்வார்கள். சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள், அது பாலையா காட்சி. பண்ணைக்கார அப்பா, பையனை மதிக்காத மிதப்போடு கேட்க ஆரம்பிக்கிறார். கொஞ்சம் கொஞ்சமாக முகம் வெளிறி, கண் பிதுங்கி, பயத்தில் உறைந்து போகிறார். அடுத்த வருடம் 'திருவிளையாடல்'. ஹேமநாத பாகவதர் பாண்டிய நாட்டையே எழுதிக் கொடு என்கிற திமிரோடு வந்தவர், ராத்திரி ஒரு விறகு வெட்டியின் பாட்டைக் கேட்டுவிட்டு விடிவதற்குள் ஊரைவிட்டு ஓடுகிறார். இங்கேயும் மிதப்பு, அதற்கடியில் பயம். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) தவில்காரரிடமும் வேறு அளவில் இது இருக்கிறது: வாய்ச்சவடால் ஒரு பக்கம், நாயனக்காரர் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுவாரோ என்கிற பதற்றம் ஒரு பக்கம்.

ஆக, என் வாக்கியம் கிடைத்துவிட்டது: பாலையா நடித்தது அகம்பாவத்தை அல்ல, பயந்துகொண்டிருக்கிற அகம்பாவத்தை. தமிழில் இதை அவரைவிட நன்றாகச் செய்தவர் யாருமில்லை. மறுக்க விரும்புகிறவர்கள் தாராளமாக மறுக்கலாம், மறுக்க இடமிருந்தால்தான் அது கருத்து.

இன்டர்வியூவில் பிடித்த நடிகர் என்று பாலையா பெயரைத்தான் சொன்னேன். எதிரே இருந்தவர்களில் ஒருவர், "அந்தக் கதை சொல்லும் காட்சியில் நீங்கள் பார்ப்பது நடிப்பா, எடிட்டிங்கா? எப்போது பாலையா முகத்துக்கு வெட்ட வேண்டும் என்று முடிவெடுத்தது ஸ்ரீதர்தானே?" என்று கேட்டார். நல்ல கேள்வி. வெட்டு எங்கே என்பது இயக்குநர் கையில், ஆனால் ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் பயம் ஒரு படி ஏறியிருக்க வேண்டுமே, அந்தக் கணக்கு நடிகர் கையில் என்றேன். அவர் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பேச்சு கொஞ்ச நேரம் அங்கேயே ஓடியது. அப்படி ஓடினாலே நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சாட்சிக் காட்சிகளை ஷாட் ஷாட்டாகப் பார்த்துவிட்டுப் போங்கள், எந்த ஷாட்டில் கேள்வி வரும் என்று சொல்ல முடியாது.

அங்கே போய் "தாம்சன் சொல்கிறார்" என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் அந்தப் புத்தகத்தைப் படித்தவர்களாக இருப்பார்கள். இரவல் கருத்து எது என்று இரண்டு வாக்கியத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்களாகவே தாம்சன் பெயரை எடுத்தால், நீங்கள் உடன்படாத இடத்தைச் சொல்லுங்கள்.

ஆங்கிலம் தடையாக இருக்குமோ என்று சிலர் தயங்குகிறார்கள். தாம்சனின் வாக்கியங்கள் நீளமானவை, கிண்டல் எங்கே, பாராட்டு எங்கே என்று முதலில் பிடிபடாது, உண்மைதான். நீங்கள் ஏற்கெனவே படம் பார்த்த ஆட்களின் பகுதிகளில் தொடங்குங்கள். ஹிட்ச்காக், சாப்ளின், 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' எடுத்த ஹாவர்ட் ஹாக்ஸ் போதும். ஹாக்ஸ் அவருக்கு உயிர் என்பதால் அந்தப் பகுதியில் மனிதர் உற்சாகமாக இருப்பார், படிக்கவும் சுலபம். முன்னதாக 'ரியோ பிராவோ' (1959) பார்த்துவிடுங்கள்.

பதிப்பு எது வாங்கலாம் என்றால், 2002 அல்லது அதற்குப் பிந்தையது எதுவானாலும் சரி. பல இடங்களில் பழைய பத்தியை அப்படியே விட்டுவிட்டுப் புதியதைக் கீழே சேர்த்திருப்பார் என்பதால், ஒரே ஆளைப் பற்றி இளவயதில் என்ன நினைத்தார், வயதான பிறகு எப்படி இறங்கி வந்தார் என்பதும் சேர்ந்தே கிடைக்கும். புதுப் பிரதி விலை அதிகம். பழைய புத்தகக் கடையில் சொல்லி வையுங்கள், அட்டை கிழிந்திருந்தாலும் வாங்கிவிடலாம். தேர்வு முறை அடிக்கடி மாறுகிறது, அதற்கு அந்தந்த வருட அறிவிப்பைப் பாருங்கள்.