பத்து நிமிஷ வேலை

வெள்ளிக்கிழமை ராத்திரி பத்தரைக்கு மடிவாளாவில் சேலம் பஸ். மதியம் மூன்று மணிக்கு லீட் அண்ணன் வந்து, "தம்பி, டெஸ்ட் சர்வர்ல டேட்டாசோர்ஸை மட்டும் மாத்திட்டுக் கிளம்பு, பத்து நிமிஷ வேலை" என்றார். அந்த "மட்டும்" இருக்கிறதே, பெங்களூரில் அதை நம்பி பஸ்ஸை விட்டவர்கள் ஏராளம்.

வேலை நிஜமாகவே சின்னதுதான், அப்ளிகேஷன் எந்த டேட்டாபேஸோடு பேச வேண்டும் என்று மாற்றிச் சொல்வது. ஜாவாவில் எழுதிய ஸ்பிரிங் பூட் அப்ளிகேஷன், செட்டிங் எல்லாம் இருக்கும் ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலில் யூஆர்எல், யூசர்நேம், பாஸ்வேர்டு என்று மூன்று வரி. சாட்டில் வந்த பாஸ்வேர்டை காப்பி பண்ணி ஒட்டி ஓடவிட்டேன். ஆக்ஸஸ் டினைடு, உள்ளே விட மாட்டேன் என்கிறது டேட்டாபேஸ். பக்கத்திலேயே 'யூசிங் பாஸ்வேர்டு: யெஸ்' என்று வேறு. அந்த யெஸ்ஸைப் பார்த்து பாஸ்வேர்டு சரி என்று எடுத்துக்கொண்டேன் பாருங்கள், அங்கேதான் சனி பிடித்தது. ஏதோ ஒரு பாஸ்வேர்டு கொடுத்திருக்கிறாய் என்றுதான் அதற்கு அர்த்தமாம்.

எங்கள் டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல்லில் யூசர் என்றால் பெயர் மட்டும் இல்லை, எந்த மெஷினிலிருந்து வருகிறான் என்பதும் சேர்த்தி. ஆகவே இந்த மெஷினுக்கு அனுமதி கொடுக்கவில்லை என்று பழியை டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் டிபிஏ தலையில் போட்டேன். கன்னடக்காரர், பொறுமைசாலி. மூன்று முறை பார்த்துவிட்டு "எல்லா சரி இதே குரு" என்றார். டெர்மினலில் நான் கையால் டைப் அடித்தால் உள்ளே விடுகிறது, ஜாவா போனால் கதவைச் சாத்துகிறது. டேட்டாபேஸ் கனெக்‌ஷன்களைத் தயாராக வைத்திருக்கும் ஹிகாரி பூலில் டீஃபால்ட்டாக இருக்கும் 10 கனெக்‌ஷன் போதவில்லையோ என்று 20 ஆக்கினேன் (ஒன்றுக்கே வழியில்லை, இதில் இருபது). ஜாவாவை டேட்டாபேஸோடு இணைக்கும் டிரைவரின் வெர்ஷனை மாற்றினேன். அப்புறம் லேப்டாப்பை அணைத்துப் போட்டேன், அதுவும் ஒரு வைத்தியம்தானே.

எட்டரைக்குப் பக்கத்து சீட் அக்கா பையை மாட்டிக்கொண்டே, "பாஸ்வேர்டு வரியில எண்ட் கீயை அழுத்து" என்றார். அழுத்தினேன். கர்சர் கடைசி எழுத்தை ஒட்டாமல் ஓர் எழுத்து தள்ளிப் போய் நின்றது.

ஸ்பேஸ்! சாட்டிலிருந்து கூடவே தொற்றிக்கொண்டு வந்திருக்கிறது. ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலைப் படிக்கும்போது பாஸ்வேர்டுக்கு முன்னால் இருக்கும் ஸ்பேஸை ஜாவா உதறிவிடும், பின்னால் இருப்பதை மட்டும் மாமியார் வீட்டுச் சீர் மாதிரி பத்திரமாக வைத்துக்கொள்ளும்.

ஒரு பேக்ஸ்பேஸ். அப்ளிகேஷன் எழுந்துவிட்டது. பஸ்ஸை ஓடிப் பிடித்தேன். சில்க் போர்டு நெரிசலில் நிற்கும்போது டிபிஏவிடமிருந்து மெசேஜ்: "ஆய்தா குரு?"

"ஆயிடுச்சு சார், டிரைவர் பிரச்சினை" என்று அனுப்பிவிட்டுப் போனைச் சைலன்ட்டில் போட்டேன்.