மே மாத லாகை நம்பிக் கெட்ட கதை

மண்டபம் பக்கத்து மீன் வியாபாரிகளுக்குக் கணக்குப் பார்க்கும் சின்ன செயலி ஒன்றை நானும் நண்பனும் நடத்துகிறோம். ஆரம்பத்தில் பலரிடம் ஸ்மார்ட்போன் இல்லை. அதனால் 'இறால் 42 380' என்று எஸ்எம்எஸ் அனுப்பினாலே எடையும் விலையும் கணக்கில் ஏறும்படி வைத்திருந்தோம். எல்லோரும் செயலிக்குப் பழகியதும் அதுவே பாரமாகிவிட்டது. எண்ணுக்கு மாத வாடகை, ஒவ்வொரு பதிலுக்கும் காசு, போதாததற்கு, நாங்கள் அனுப்பும் பதில் வாசகங்களை டிஎல்டியில் (வணிக எஸ்எம்எஸ் வாசகங்களைப் பதியும் தளம்) முன்பதிவு செய்யும் வேலை வேறு.

வந்த எஸ்எம்எஸ்களெல்லாம் பதிவாகும் லாகைப் பார்த்தேன். முப்பது நாளில் வந்தது நான்கே எஸ்எம்எஸ், அதிலும் இரண்டு நானே சோதனைக்கு அனுப்பியவை. சரி, யாருக்கும் வேண்டாம் போல என்று அணைத்துவிட்டேன்.

நான் பார்த்தது மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில்தான் கிடக்கும். இந்தக் கரையிலேயே வளர்ந்தவனுக்கு இது உறைக்காமல் போனதை நண்பன் இன்றும் சொல்லிக்காட்டுகிறான். தடை முடிந்து முதல் படகுகள் திரும்பிய அன்று விடியுமுன் போன்.

"தம்பி, மூணு தடவ அனுப்பிட்டேன். எடை ஏறுச்சா, ஏறலயா?"

பேசியவர் ஒரு கணக்குப்பிள்ளை. ஐஸ் தண்ணீரில் ஊறிய கைக்கு டச் போன் ஒத்துவராது, அவருக்குப் பட்டன் போன்தான். அது எந்த லாகிலும் தெரியாது. நல்லவேளை, நிரலை அழிக்காமல் சுவிட்சை மட்டும் அணைத்திருந்தேன். ஐந்து நிமிடத்தில் பழையபடி ஓடியது.

அடுத்த முறை நிறுத்த நினைத்தபோது ஒரு வருஷ லாகையும் எடுத்தோம். எஸ்எம்எஸ் அனுப்பியவை பத்தொன்பது எண்கள். ஒவ்வொரு பதிலின் அடியிலும் 'இந்த வசதி ஜனவரி 31 வரை மட்டும்' என்று சேர்த்தோம். (நிறுத்தப்போகிறோம் என்று சொல்வதற்கும் டிஎல்டியில் புது வாசகம் பதிய வேண்டியிருந்தது!) ஆனால் எடை ஏறியதா என்று பார்ப்பவர் அடிவரியைப் படிப்பதில்லை. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப், 2021 ஆகஸ்ட் 13 அன்று கிட் வேலைகளுக்கு (நிரலை ஏற்றுவது, இறக்குவது) பாஸ்வேர்டை ஏற்பதை நிறுத்தியது. இன்னும் மாறாதவர்கள் கவனிக்கட்டும் என்று, அதற்கு முன்பே சில மணி நேரம் மட்டும் நிறுத்திக் காட்டியது. நாங்களும் ஏலமெல்லாம் முடிந்த மதியத்தில், இரண்டிலிருந்து மூன்று வரை அணைத்தோம். அன்றே இரண்டு அழைப்பு. ஒரே எண்ணை மூன்று படகுக்காரர்கள் பயன்படுத்துவது அப்போதுதான் தெரிந்தது.

கணக்குப்பிள்ளைக்கு மாற்று வழி கிடைக்கும்வரை நாள் குறிக்கக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். பாம்பன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது, புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6. நடுவில் ராமேஸ்வரத்துக்கு ரயிலே இல்லை. 1914-இல் திறந்த பாலத்துக்கு அது சரி, எங்கள் எஸ்எம்எஸ்ஸுக்கு அப்படி என்ன அவசரம்? வழியை அவரே சொன்னார்: எடையைப் போனில் சொன்னால் வீட்டிலிருந்து மகள் ஏற்றிவிடுவாள். ஒரு கணக்கில் இரண்டு பேர் நுழையும் வசதி எங்களிடம் இல்லை, அதைச் செய்து கொடுத்தோம்.

ஜனவரிக்குப் பிறகும் எண்ணை விட்டுவிடவில்லை. யார் அனுப்பினாலும் 'எடை பதிவாகவில்லை, எங்களை அழையுங்கள்' என்று பதில் போகும். அடுத்த தடைக்காலம் முடியும்வரை வாடகை கட்டினோம். ஜூன் 16 காலையில் ஒரே ஒரு எஸ்எம்எஸ் வந்தது: 'நண்டு 18 450'. அவர் அழைப்பதற்குள் நானே அழைத்துவிட்டேன்.