எது ஆயிரம் பிபிஎம்?

முதுநிலை வேதியியல் ஆய்வுத்திட்டத்துக்காகத் தருமபுரி மாவட்டத்துக் கிணற்று நீரில் புளோரைடு அளக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே தேவைப்பட்ட அளவுக்குப் புளோரைடால் பாதிக்கப்பட்ட பகுதி அது. நீர் எடுக்கப் போன ஊரில் பற்களில் பழுப்புக் கறை படிந்த பிள்ளைகளைப் பார்த்திருந்ததால், ஓர் எண்ணும் பிசகக் கூடாது என்று நினைத்தே வேலையைத் தொடங்கினேன்.

பிபிஎம் என்பது பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. நீர்த்த கரைசல் ஒரு லிட்டர் ஏறத்தாழ ஒரு கிலோ எடை இருக்கும் என்பதால், லிட்டருக்கு ஒரு மில்லிகிராமை 1 பிபிஎம் என்று கொள்கிறோம். கடல்நீர் போன்ற அடர்ந்த நீருக்கு இது அவ்வளவு துல்லியமாகப் பொருந்தாது. இந்தக் கணக்கின்படி, உலர்த்திய சோடியம் புளோரைடு உப்பு 1.000 கிராமை நிறுத்து, ஒரு லிட்டராகக் கரைத்து, பிளாஸ்டிக் புட்டியில் ஊற்றி, '1000 பிபிஎம்' என்று சீட்டு ஒட்டினேன். அதில் 10 மில்லிலிட்டரை எடுத்து 100 மில்லிலிட்டராக்கினால் 100 பிபிஎம்; அப்படியே படிப்படியாக 10, 1 என்று, ஒப்பிட்டு அளக்க உதவும் தரக் கரைசல்கள் தயாராயின. புளோரைடின் அளவை மின்னழுத்தமாகக் காட்டும் எலெக்ட்ரோடு கொடுத்த வரைகோடும் பிசிறில்லாமல் நேராக வந்தது.

ஒரு கிணற்று நீர் 2.0 காட்டியது. குடிநீருக்கான இந்தியத் தரம் 1.0 பிபிஎம், வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை ஏற்கலாம். ஆனால் சரிபார்ப்புக்காக வாங்கிய 1 பிபிஎம் சான்றுக் கரைசலும் 2.2 காட்டியபோது திகைத்துவிட்டேன். எலெக்ட்ரோடைக் கழுவினேன், அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் தாங்கல் கரைசலைப் புதிதாகத் தயாரித்தேன், ஒரு நாள் முழுவதும் போயிற்று. குறிப்பேட்டைப் பார்த்த பேராசிரியை, "ஆயிரம் சரிம்மா, எது ஆயிரம்? உப்பா, புளோரைடா?" என்று கேட்டார்.

அணு நிறை சோடியத்துக்கு 23, புளோரினுக்கு 19, கூட்டினால் 42. ஒரு கிராம் உப்பில் புளோரைடு 19/42, அதாவது 0.452 கிராம்தான். என் புட்டியில் இருந்தது 452 பிபிஎம். எல்லாத் தரக் கரைசல்களும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்ததால், மடக்கை (log) அளவில் வரைந்த கோட்டின் சாய்வு மாறவே இல்லை. அதனால்தான் பிழை கண்ணுக்குப் படவில்லை. 42-ஐ 19-ஆல் வகுத்தால் 2.21. சான்றுக் கரைசல் காட்டிய எண்ணும் அதுவே.

மறுநாள் 2.210 கிராம் நிறுத்துக் கரைத்தேன். சான்றுக் கரைசல் 1.0 காட்டியது; அந்தக் கிணற்று நீர் 0.9. பதிவேட்டில் பழைய எண்களை ஒற்றைக் கோட்டால் அடித்து, காரணத்தையும் எழுதி, புதிய சீட்டில் '1000 பிபிஎம், புளோரைடாக' என்று எழுதி ஒட்டினேன்.