கேட்டதற்குச் சொல்லாத பதில்

"இதுல பாலியல் வன்முறை வருதா?"

நான் வேலை பார்க்கும் புத்தகக் கடையில் அந்தப் பெண் நேராகத்தான் கேட்டார். கையில் ஆர்.எஃப். குவாங்கின் 'தி பாப்பி வார்'. நான் படித்த புத்தகம். வரும் என்று தெரியும். ஆனால் பில் போட மூன்று பேர் நின்றிருந்தார்கள், ஒருவர் பக்கத்தில் பள்ளிச் சீருடையோடு பையன். "போர்க்கதை மேடம், போர்ல நடக்கிறதெல்லாம் வரும்" என்றேன். ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். பிறகு கார்டை நீட்டினார்.

நான் பொய் சொல்லவில்லை. ஆனால் "ஆமா" என்று ஒரு சொல்லில் முடிந்திருக்க வேண்டிய பதில் அது. அந்தச் சொல்லைத்தான் விழுங்கினேன்.

2018இல் வந்த ஃபேன்டசி நாவல். அநாதைப் பெண் ஒருத்தி ராப்பகலாகப் படித்து, நுழைவுத் தேர்வில் வென்று ராணுவப் பள்ளிக்குப் போகிறாள். பள்ளிக்கூடக் கதை என்றே நம்பிப் போகிறவர்கள் 21ஆம் அத்தியாயத்தில் அடிபடுவார்கள். 1937இல் சீனாவின் நான்ஜிங் நகரில் ஜப்பானியப் படை நடத்திய படுகொலையை ஆதாரமாக வைத்து எழுதியது. நானே மூன்று முறை மூடி வைத்துத்தான் முடித்தேன். அதைக் குறைத்து எழுதியிருக்கலாம் என்று சொல்ல மாட்டேன். நடந்தது அப்படி.

சினிமாவுக்கு 'ஏ' சான்றிதழ் இருக்கிறது. ஓடிடியில் தொடக்கத்திலேயே வன்முறை என்று போட்டுவிடுகிறார்கள். எங்கள் கடையில் நாவலுக்கு, விற்கிறவன் வாய்தான்.

மறுநாள் ஒரு துண்டுச் சீட்டில் 'அத்தியாயம் 21: படுகொலை, பாலியல் வன்முறை' என்று எழுதி மீதிப் பிரதிகளில் வைத்தேன். மேனேஜர் எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டேன். அதற்குள் கல்லூரிப் பையன் ஒருவன் அந்தச் சீட்டைப் பார்த்தே ஒரு பிரதி வாங்கிப் போயிருந்தான்.

இத்தகைய எச்சரிக்கைகள் பற்றி 12 ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் ஒரு கட்டுரை வந்தது. எச்சரிக்கையால் மனவேதனை குறைவதில்லை, படிக்கும் முன் பதற்றம்தான் கூடுகிறது என்றது. படித்ததும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியே பிறகு உறுத்தியது. கேட்காதவர்களுக்கும் சேர்த்து முன்கூட்டியே வைக்கும் எச்சரிக்கை வேறு. இவர் வாய் திறந்து கேட்டார். எதற்காகக் கேட்டார் என்று நான் யோசிக்கக்கூட இல்லை.

இன்னும் கடைக்கு வருகிறார். என்னிடம் எதுவும் கேட்பதில்லை. போன மாதம் ஃபேன்டசி ஷெல்ஃப் பக்கம் நின்று ஃபோனில் நெடுநேரம் எதையோ தேடினார். எடுத்த புத்தகத்தை அதே இடத்தில் செருகிவிட்டுப் போனார்.