எஞ்சினைப் போட்டுவிட்டு அறுத்திருக்கலாம்

போன வாரம் கொட்டகையில் கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டே சித்தப்பா கேட்டார்: "எஞ்சினப் போட்டுட்டு அறுத்திருக்கலாம்ல தம்பி?"

எதைக் கேட்கிறார் என்று உடனே புரிந்தது. கஜா புயல் அடித்ததற்கு அடுத்த வருஷத்து மார்கழியில் ஒரு ராத்திரி, நடுக்கடலில் காற்று ஏறியபோது நான் வலையை அறுத்துவிட்டதை. இத்தனை வருஷம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர்.

அன்றைக்கு எச்சரிக்கை எதுவும் இல்லை. இருந்திருந்தால் போயிருக்கவே மாட்டோம். 2018 நவம்பர் 16 விடியற்காலையைப் பார்த்தவர்கள் அதில் வீம்பு பிடிப்பதில்லை. ஆனால் வாடைக்காற்று மாதங்களில் புயல் மட்டுமா வருகிறது? வடகிழக்கே மேகம் கருத்தால் கால் மணி நேரத்தில் காற்று வேறாகிவிடும். அதற்காகக் கரையிலேயே உட்காரவும் முடியாது. காலா மீனும் வாவல் மீனும் கிடைக்கிற மாதங்கள் இவைதான். அக்டோபரில் கோடியக்கரையில் கொட்டகை போட்டால் மார்ச் வரைக்கும் வருகிற மீன்பாடுதான் வருஷச் சோறு.

அன்றைக்குக் காற்று மாறியபோது பாதி வலை படகில் ஏறியிருந்தது. நானும் சித்தப்பாவும் அணியத்தில், படகின் முன்பக்கத்தில், நின்று இழுத்தோம். எங்களோடு வந்த பையன் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான், அவனுக்கு அது முதல் வாடை. நான் கத்தியை எடுத்ததும் சித்தப்பா சொன்னார்: "அறுக்காத. வலை கெடந்தா அணியம் காத்தப் பாத்து நிக்கும்."

அவர் சொன்னது சரி. வலை நங்கூரம் மாதிரி பிடித்துக்கொள்ளும், அலை முன்னாலிருந்து வரும், பக்கவாட்டில் அடிக்காது. இது எனக்கும் தெரியும். ஆனால் பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு. அங்கே அலை உயரமாக வராது, நெருக்கி நெருக்கி வரும். மீனோடு தொங்கிய வலை அணியத்தைக் கீழே இழுத்தது. ஒரு அலைக்கு ஏறி இறங்குவதற்குள் அடுத்தது உள்ளே வந்தது. ஃபைபர் படகுக்கு எத்தனை அலை தாங்கும்? அந்தக் கணக்கைத்தான் நான் போட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

சொல்வேன், ஆனால் முழுதாகச் சொல்ல வேண்டும். "பையனப் பாருங்க சித்தப்பா" என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். அந்த நேரத்தில் அறுத்துவிட்டேன். அறுக்கப் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. படகு அப்படியே திரும்பிப் பக்கவாட்டில் நின்றது. சித்தப்பா பின்பக்கம் ஓடி எஞ்சின் கயிற்றை இழுத்தார். மூன்றாவது இழுப்பில்தான் எஞ்சின் பிடித்தது. அதற்குள் இரண்டு அலை முழுசாக உள்ளே வந்துவிட்டது. அன்றைக்கு நாங்கள் சாவுக்குப் பக்கத்தில் போனது அந்தக் கொஞ்ச நேரத்தில்தான். அது நான் அறுத்த பிறகு.

முக்கால் மணி நேரத்தில் காற்று அடங்கியது. பக்கத்தில் வலை போட்டிருந்தவர்கள் அறுக்காமல் இருந்து, காலாவோடு கரை வந்தார்கள். எங்களுக்கு ஒன்றரை லட்ச ரூபாய் வலை போனது. போன வலை கடலில் சும்மா கிடப்பதும் இல்லை. ஆமை கரையேறி முட்டையிட வருகிற காலம் அது. எதெல்லாம் அதில் மாட்டிச் செத்ததோ, அந்த நினைப்பு வந்தால் எனக்கு ஆறுவதே இல்லை.

இன்னொன்று இருக்கிறது. வலைக் கயிற்று முனையில் ஒரு மிதப்பைக் கட்டிக் கழற்றி விட்டிருந்தால், காற்று நின்றதும் தேடிப்போய் வலையை எடுத்திருக்கலாம். மிதப்பு படகிலேயே இருந்தது. பையன் அதை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான். லைஃப் ஜாக்கெட் மூன்றும் கொட்டகையில் தொங்கின. ஈரமாக இருக்கிறது, வேலைக்கு இடைஞ்சல் என்று விட்டுவிட்டு வரச் சொன்னது நான்.

இப்போது ஜாக்கெட் போடாதவனை ஏற்றுவதில்லை. கயிற்று முனையில் கொடியோடு மிதப்பு எப்போதும் கட்டியிருக்கும். இதையெல்லாம் சரியாகச் செய்கிறேன். ஆனாலும் அந்த ராத்திரி திரும்ப வந்தால் சித்தப்பா பேச்சைக் கேட்பேனா என்றால், பையன் முகம் முன்னால் வந்து நிற்கிறது. அறுத்துவிடுவேன் என்றுதான் தோன்றுகிறது. சொல்லிவிட்டு அறுப்பேனா, அதுவும் தெரியவில்லை.

"மூணாவது இழுப்புலதான பிடிச்சுது சித்தப்பா" என்றேன், பதிலுக்கு.

"அதத்தான் சொல்றேன்" என்றார். "நான் மொதல்லயே போய் இழுத்திருக்கணும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் வலையில் அடுத்த கண்ணைப் பின்ன ஆரம்பித்திருந்தார்.